மூன்று ஓட்டும் ஒரு கையெழுத்தும்

பொடிசுக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. நாள் முழுக்க ஒரே கேள்விதான். எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கில் கனமான சோதனை ஃப்ரேமை மாட்டி, வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது கேட்பாள். எதைப் பார்த்தாலும் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்கிற புத்தி இந்த வேலையால்தான் வந்தது என்பாள். பிறவியிலேயே இருந்தது என்பாள் அவள் அம்மா.

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்திருக்கிறது. கல்லூரி விடுதியில் முதல் நாளே உயரத்தைப் பார்த்துப் 'பொடிசு' என்று வைத்தார்கள், அது ஒட்டிக்கொண்டது. வைத்தவள் நெட்டை. அவளுக்கு அந்தப் பெயரைப் பதிலுக்கு வைத்தவள் பொடிசு.

விடுதி அறையில் ஐந்து பேர், ஒரே மின்விசிறி. அதை எந்த வேகத்தில் சுற்றவிடுவது என்று தினமும் சண்டை. எதற்கெடுத்தாலும் வாதாடுகிற வக்கீல்தான் வழி சொன்னாள்: யாருக்கு எது வேண்டுமோ அவள் கேட்கலாம், ஆனால் கேட்டவளுக்கு ஓட்டு கிடையாது. மற்றவர்களில் மூன்று பேர் சரி என்றால் சரி. மூன்று பேர் வேண்டாம் என்றால் வேண்டாம். அதற்குப் பிறகு வாயைத் திறக்கக் கூடாது.

படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசையாகப் போன பிறகும் சட்டம் மாறவில்லை. மின்விசிறி போய்ப் போன் குரூப் வந்தது, அவ்வளவுதான். வாஷிங் மெஷின் மேலே திறப்பதா முன்னால் திறப்பதா என்பதை மூன்று ஓட்டுதான் முடிவு செய்தது. ஓயாமல் பேசுகிற ரேடியோ வேலையை விட்டதும், வகுப்பில் பாதி நேரம் கண் மூடியே இருந்த தூக்கம் இரண்டாவது பிள்ளை பெற்றதும் மூன்று ஓட்டில்தான். வக்கீலுக்குப் பார்த்த ஒரு மாப்பிள்ளையை மூன்று ஓட்டு வேண்டாம் என்றது. அவர் பின்னால் பெரிய வீடு கட்டிவிட்டார். அதற்கும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

வெட்கப்படும்படியான சந்தேகம் என்றால் பொடிசு நேராகக் கேட்க மாட்டாள். "எங்க கடைக்கு வர்ற கஸ்டமர் ஒருத்தங்க" என்று ஆரம்பிப்பாள். அந்தக் கஸ்டமருக்குத்தான் முடி கொட்டியது, அந்தக் கஸ்டமருக்குத்தான் நாத்தனாரோடு பேச்சு நின்றது. நல்லவேளையாக அவர்கள் நால்வரும் நம்பிவிட்டார்கள் என்று இவள் பன்னிரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

நெட்டையும் பொடிசும் ஒரே நாளில், ஒரே வங்கியில், ஒரே தொகைக்குக் கல்விக்கடன் வாங்கியவர்கள். படித்து முடித்ததும் ஒரு அறக்கட்டளையின் கண் பரிசோதனை வண்டியில் இரண்டு வருடம் சேர்ந்து வேலை பார்த்தார்கள். பள்ளிக்கூடம், தொழிற்சாலை, சந்தை என்று வண்டி போகுமிடமெல்லாம் நெட்டை சார்ட்டை மாட்டுவாள், பொடிசு லென்ஸ் பெட்டியைத் திறப்பாள். பிறகு பொடிசு கடைக்குப் போனாள், நெட்டை பொது மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போனாள். தவணை மட்டும் இருவருக்கும் மாதா மாதம் ஒரே தேதியில் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தேதியில் ஒருவரையொருவர் கூப்பிட்டுத் துக்கம் விசாரித்துக்கொள்வார்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால் இன்னொரு வங்கி வட்டியைக் குறைத்துத் தருகிறேன் என்றது. கடனை அங்கே மாற்றலாமா என்று இருவரும் சேர்ந்தே குரூப்பில் கேட்டார்கள். மீதி மூன்று பேரும் "மாத்து" என்றார்கள். வக்கீல் கணக்கே போட்டுக் காட்டினாள். பொடிசு ஒரே வாரத்தில் மாற்றினாள். இரண்டு நாள் லீவு, பதினாலு இடத்தில் கையெழுத்து, கணவனுடைய சம்பளச் சான்றிதழ், கூடவே மாற்றுக் கட்டணம் என்று ஒரு தொகை. நெட்டையும் "மாத்திடறேன்" என்றாள்.

அந்தக் கதை அங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் பொடிசு நினைத்திருந்தாள். போன மாதம் ஒரு மதியம் வக்கீல் குரூப்பில் ஒரு அறிவிப்பைப் போட்டாள். கல்விக்கடன் நிவாரணம். படிப்பு முடிந்து இரண்டு வருடம் பொதுச்சேவையில் இருந்திருந்தால் மீதிக் கடன் முழுவதும் தள்ளுபடி. ஒரு நிபந்தனை: கடன் முதலில் வாங்கிய வங்கியிலேயே, கல்விக்கடனாகவே இருக்க வேண்டும்.

பொடிசின் எதிரே அப்போது ஒருவர் சோதனை ஃப்ரேமோடு உட்கார்ந்திருந்தார். "இது தெளிவா இருக்கா?" என்று கேட்டவள், 'அது' என்று சொல்லவே இல்லை. அவர் வெறும் ஃப்ரேமோடு சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நம்ம ரெண்டு பேருக்கும் போச்சேடி" என்று எழுதப் போனாள். அதற்குள் நெட்டையின் பதில் வந்துவிட்டது.

"ஐயோ, நான் மாத்தவே இல்லையே!"

"மாத்திட்டேன்னு சொன்னியே?" என்றாள் வக்கீல்.

"மாத்திடறேன்னு சொன்னேன். ஃபாரம் எல்லாம் வாங்கி வெச்சேன். எங்க வெச்சேன்னுதான் தெரியல."

ரேடியோ ஏழு நிமிடக் குரல் பதிவில் வாழ்த்தினாள். பொடிசும் "சூப்பர்டி!" என்று எழுதி, கைதட்டும் படம் மூன்று போட்டாள். போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். வயிறு எரிந்தது. மருந்துக் கடையில் மாத்திரை கேட்கலாம் போல நிஜமாகவே எரிந்தது.

மறுநாள் வங்கிக்குப் போய் நின்றாள். அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது இப்ப கல்விக்கடன் இல்லைங்க. நீங்க மாத்தின அன்னைக்கே தனிநபர் கடன் ஆயிடுச்சு."

"நான் படிக்கத்தானே சார் வாங்கினேன்?"

"நீங்க படிச்சீங்க. கடன் படிக்கலையே" என்றார் அவர். தான் சொன்னது நல்ல நகைச்சுவை என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும், பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஏறுவதும் இறங்குவதும் அவனுக்குச் சாதாரணம். தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "உனக்கு ஒண்ணும் குறையலையே. நேத்து இருந்த கடன்தானே இன்னைக்கும் இருக்கு?"

"நேத்து அவளுக்கும் இருந்துச்சுங்க" என்றாள் பொடிசு.

அவன் தண்ணீரை மூடிவிட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்தான். அடுத்த தட்டை எடுத்து மறுபடி திறந்துவிட்டான்.

பொறாமைக்கு வேலை கொடுத்துவிட்டால் அது லீவே எடுக்காது. முதலில் பணத்தை நினைத்துத்தான் எரிந்தது. நெட்டைக்கு மாதா மாதம் மிச்சமாகும் தொகையில் இவள் மனசுக்குள்ளேயே சோபா வாங்கினாள், ஏ.சி. மாட்டினாள், பிள்ளையை நீச்சல் வகுப்பில் சேர்த்தாள், எல்லாம் நெட்டை வீட்டில். பிறகு பழையதெல்லாம் கிளம்பி வந்தது. அவளுக்கு எந்தச் சுடிதாரையும் மடித்துத் தைக்க வேண்டியதில்லை. அவள் பஸ்ஸில் எட்டிக் கம்பியைப் பிடிக்கிறாள். பரீட்சைக்கு முதல் நாள் படித்துவிட்டு இவளைவிட இரண்டு மார்க் அதிகம் வாங்கினாள். எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டத்தை மதித்து ஒரே வாரத்தில் ஓடியவளுக்குப் பட்டை நாமம், ஃபாரத்தைத் தொலைத்தவளுக்குத் தள்ளுபடி! சோம்பேறித்தனத்துக்குப் பரிசு கொடுக்கிற உலகத்தில் எதற்காக அலாரம் வைத்து எழ வேண்டும் என்று பொடிசு இரண்டு நாள் கடைக்குத் தாமதமாகப் போனாள். முதலாளி அரை நாள் சம்பளத்தைப் பிடித்ததுதான் மிச்சம்.

இதற்கு நடுவில்தான் நெட்டை கூப்பிட்டாள்.

"அடியே, ஒரு உதவி. வண்டியில வேலை பார்த்ததுக்குச் சான்று கேக்கறாங்க. அந்த அறக்கட்டளையத்தான் இழுத்து மூடிட்டாங்களே. அப்படின்னா கூட வேலை பார்த்த ஒருத்தர் எழுதிக் கொடுத்து, அவங்க தொழில் பதிவு எண்ணோட முத்திரை வெச்சாப் போதுமாம்."

"கூட வேலை பார்த்தவங்கன்னா?"

"நீதான்டி. வேற யாரு? டிரைவர் அண்ணனுக்குப் பதிவு எண்ணா இருக்கு?" என்று சிரித்தாள் நெட்டை. "வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிதான் கடைசி."

"பார்க்கறேன்டி. முத்திரைய எங்கயோ வெச்சுட்டேன், தேடணும்."

முத்திரை அவள் முழங்கைக்குக் கீழே, மேஜை இழுப்பறையில் இருந்தது. அன்று காலைதான் ஐந்து சீட்டில் குத்தியிருந்தாள்.

திங்கள் போயிற்று. செவ்வாயும் போயிற்று. நெட்டை மறுபடி கூப்பிடவில்லை. கெஞ்சினால் "இரு, இன்னும் தேடறேன்" என்று இழுத்தடிக்கலாம் என்று பொடிசு தயாராக இருந்தாள். கெஞ்சாமல் இருந்தது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. போடாமல் விட்டால் நெட்டையின் கடன் அப்படியே நிற்கும், மறுபடி இரண்டு பேருக்கும் ஒரே தேதி. அதை நினைத்தபோது கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் தன்னந்தனியாக ஒரு முடிவை எடுத்துப் பழக்கமே இல்லாதவள். தலைக்கு எந்த எண்ணெய் தேய்ப்பது என்பதைக்கூட மூன்று பேரைக் கேட்டுச் செய்கிறவள், இதை மட்டும் யாரிடம் போய்க் கேட்பது?

புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் எழுதினாள். "எங்க கடைக்கு வர்ற கஸ்டமர் ஒருத்தங்க. அவங்களும் அவங்க சிநேகிதியும் ஒரே சமயத்துல வீட்டு மனைக்கு எழுதிப் போட்டாங்களாம். சிநேகிதிக்குக் கிடைக்கப் போகுது, இவங்களுக்கு இல்லையாம். அதுக்கு இவங்க ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடணுமாம். இவங்களுக்கு மனசே வரலையாம். போடலாமா, வேண்டாமா?"

முதல் ஓட்டு நெட்டையிடமிருந்து வந்தது. "வேண்டாம். மனசு வராம எதுக்குப் போடணும்? அந்த சிநேகிதி வேற வழி பார்த்துக்குவா."

அடுத்து வக்கீல். "வேண்டாம். சாட்சிக் கையெழுத்துன்னா நாளைக்கு ஏதாவது ஆனா அவங்க தலைதான் உருளும்." எப்போதும் முந்தைய ஓட்டைப் பார்த்துப் போடுகிற தூக்கம், "வேண்டாம்" என்றாள். ரேடியோ மட்டும் போடலாம் என்று நாலு நிமிடம் பேசினாள். அதற்குள் மூன்று விழுந்துவிட்டது.

பொடிசுக்கு உடம்பே லேசாகிவிட்டது. மூன்று ஓட்டு. சட்டம். வாயைத் திறக்கக் கூடாது. அதிலும் முதல் ஓட்டு யாருடையது? நெட்டையே தன் வாயால் சொல்லிவிட்டாள். ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சாப்பாட்டு டப்பாவை வழித்துச் சாப்பிட்டாள். அன்று பிற்பகல் வந்த கஸ்டமர்களுக்கெல்லாம் கண்ணாடி துடைக்கும் துணியை இலவசமாகக் கொடுத்தாள்.

நாலு மணிக்குக் கூட்டம் குறைந்தபோது, அந்த ஓட்டை இன்னொரு தடவை பார்த்துச் சந்தோஷப்படலாம் என்று போனை எடுத்தாள். அப்போதுதான் நேரம் கண்ணில் பட்டது. இவள் கேட்டது ஒன்று பத்துக்கு. நெட்டை பதில் போட்டது ஒன்று பதினொன்றுக்கு.

நெட்டையாவது, ஒரு நிமிடத்தில் பதில் போடுவதாவது! மகள் பிறந்த செய்தியையே மூன்று நாள் கழித்துக் குரூப்பில் சொன்னவள் அவள். வாஷிங் மெஷினுக்கு அவள் ஓட்டு வந்தபோது மெஷின் வீட்டுக்கே வந்துவிட்டிருந்தது. அப்படிப்பட்டவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த மாதிரி ஒரே நிமிடத்தில் போட்டிருக்கிறாள். அந்தக் கஸ்டமர் யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் தனக்கு எதிராகத் தானே முதல் ஓட்டுப் போட்டிருக்கிறாள்.

இந்த இடத்தில் பொடிசின் மனம் இளகிவிட்டது என்று சொன்னால் அது பச்சைப் பொய். அவளுக்குத் தலைக்குமேல் ஏறியது கோபம். கடன் போனது போதாதென்று பெருந்தன்மையும் அவளுக்கேவா? நாளைக்குக் கடைசித் தேதி தாண்டிவிடும், நெட்டை மாதா மாதம் தவணை கட்டுவாள், ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டாள், ஒவ்வொரு தவணைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நல்லவளாகிக்கொண்டே போவாள். இவள் ஆயுளுக்கும் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். உயரத்தில் தோற்றாயிற்று, மார்க்கில் தோற்றாயிற்று, கடனில் தோற்றாயிற்று. இதிலும் விட்டுக்கொடுக்க முடியாது.

வியாழக்கிழமை மதியம் முதலாளியிடம் போய் நின்றாள். "அரை நாள் லீவு வேணும் சார். வயிறு சரியில்ல."

"என்ன பண்ணுது?"

"ஒரு வாரமா எரியுது சார்." அதில் பொய் ஒன்றும் இல்லை.

முத்திரையைக் கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். கண் பிரிவு தரைத்தளத்தில், மருந்து வாங்கும் வரிசைக்குப் பின்னால் இருந்தது. நெட்டை சார்ட்டுக்குக் கீழே உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். மணி மூன்று.

"ஃபாரத்த எடுடி."

நெட்டை வாயில் பன்னோடு நிமிர்ந்தாள். "மூணு ஓட்டு வேண்டாம்னுதானே வந்துச்சு?"

"நீ என்னைக்குடி ஓட்டைக் கேட்டிருக்க? நான் கேட்டு நாசமாப் போனது போதும். எடு."

ஃபாரம் நெட்டையின் பையில் இருந்தது, இரண்டாக மடிந்து, ஒரு ஓரத்தில் டீக் கறையோடு. பெயரைத் தவிர எதையும் நிரப்பவில்லை. பொடிசு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விண்ணப்பதாரரை எத்தனை வருடமாகத் தெரியும்? பதினாறு. எந்தப் பணியில் சேர்ந்து இருந்தீர்கள்? எழுதினாள். அடுத்த கட்டம் பெரிதாக இருந்தது: விண்ணப்பதாரரின் பணி ஒழுங்கு, நேரந்தவறாமை பற்றி உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்.

பேனா நின்றுவிட்டது. இரண்டு வருடத்தில் ஒரு நாளாவது நெட்டை நேரத்துக்கு வந்ததுண்டா என்று யோசித்தாள். வண்டி ஹாரன் அடித்து அடித்து, தெருவே எட்டிப் பார்த்த பிறகுதான் தலையை வாரிக்கொண்டே ஓடி வருவாள். வந்து ஏறியதும், பொடிசுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது, வாந்தி வரும் என்று ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுவிட்டு, அந்த நீளக் காலை லென்ஸ் பெட்டிக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் மடக்கிக்கொண்டு உட்காருவாள். இரண்டு வருடமும் அப்படித்தான். ஒரு நாளும் இடம் மாற்றிக் கேட்டதில்லை. முட்டியில் எப்போதும் ஒரு நீலத் தழும்பு இருக்கும்.

"என்னடி எழுதப் போற?" என்று நெட்டை எட்டிப் பார்த்தாள்.

"பொய்தான்" என்றாள் பொடிசு. 'நேரந்தவறாமைக்கு எடுத்துக்காட்டானவர்' என்று எழுதினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, 'உடன் பணிபுரிபவர்களிடம் மிகுந்த அக்கறை உள்ளவர்' என்றும் எழுதினாள். அது பொய்யில்லை என்பதால் அதற்குத்தான் கை அதிகமாக வலித்தது. கையெழுத்துப் போட்டு, மைப் பெட்டி கொண்டுவர மறந்துவிட்டதால் நெட்டையின் மேஜையிலிருந்த மையைத் தொட்டு முத்திரை குத்தினாள். மருத்துவமனை மை ஊதா நிறம். கொஞ்சம் வழிந்தது.

இருவரும் ஓட்டமும் நடையுமாக விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தாள். ஊதா முத்திரையில் எண்ணை விரலால் தொட்டுப் படித்தாள். "சாட்சி போட்டது யாரு?"

"நான்தாங்க" என்று பொடிசு எட்டிக் கையைத் தூக்கினாள். ஜன்னல் அவளுக்குக் கொஞ்சம் உயரம்.

"இதே திட்டத்துல நீங்களும் விண்ணப்பிக்கலாமே? நீங்களும் ரெண்டு வருஷம் இருந்திருக்கீங்களே?"

"எனக்கு இல்லைங்க" என்றாள் பொடிசு. நெட்டை தரையைப் பார்த்துக்கொண்டாள்.

ரசீது கையில் வந்தது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். வரிசையில் இவர்கள் இரண்டு பேர்தான். நெட்டை ரசீதை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அந்தக் கஸ்டமர் நீதான்னு எனக்கு எப்பவும் தெரியும்டி. முடி கொட்டினதுலேர்ந்து தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

"வாய மூடு."

"இப்பவும் எரியுதா?"

"எரியுது" என்றாள் பொடிசு. சொல்லிவிட்டதில் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "ரொம்ப எரியுது. உன் மூஞ்சியப் பார்த்தா எரியுது. அந்த ரசீத மடிக்கிறியே, அதப் பார்த்தாலும் எரியுது. மடிக்காத, கிழிஞ்சு தொலையப் போகுது. இங்க குடு."

ரசீதை வாங்கித் தன் கைப்பையில், முத்திரை சுற்றியிருந்த துணிக்குள் பத்திரமாக வைத்தாள். நெட்டையிடம் விட்டால் ஃபாரம் போன வழியில் இதுவும் போகும்.

"எவ்வளவு நாளைக்குடி எரியும்?" என்று கேட்டாள் நெட்டை.

தன் மீதித் தவணையைப் பொடிசு கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையே இல்லை. "ஆறு வருஷம் நாலு மாசம்."

பஸ் வந்தது. உள்ளே ஒரே ஒரு இருக்கைதான் காலி, அதுவும் ஜன்னலோரம். நெட்டை நகர்ந்து வழி விட்டாள். பொடிசு அவளை முறைத்தாள்; முறைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள்.